1–5 வோல்ட்டை 4–20 மில்லி ஆம்பியராக மாற்ற ஒரு டிரான்சிஸ்டர் போதுமா?

பெருந்துறையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது. சாயப்பட்டறையின் பாய்லர் ரூமில் நீராவி அழுத்தத்தைப் பார்க்கும் சென்சார், 0 முதல் 10 கிலோவுக்கு (சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற அழுத்தக் கணக்கு) 1 முதல் 5 வோல்ட் கொடுக்கிறது. ரீடிங்கை வாங்கி மெஷினை ஓட்டும் கண்ட்ரோலரான பிஎல்சி 150 மீட்டர் தள்ளி, சாஃப்ட் ஃப்ளோ சாயமேற்றும் மெஷின்கள் இருக்கும் ஷெட்டில் இருக்கிறது. வோல்டேஜாகவே கொண்டுபோனபோது பாய்லர் ஃபேன் ஓடினாலே ரீடிங் ஆடியது. யாரோ சொன்னதைக் கேட்டு பிசி547 என்ற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்றைப் போட்டு, அதன் மூன்று கால்களில் (பேஸ், கலெக்டர், எமிட்டர்) எமிட்டரில் 220 ஓம் வைத்து, கரண்டாக மாற்றி அனுப்பினார். ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் அழுத்தமே இல்லாதபோது 4 மில்லி ஆம்பியர் வரவேண்டிய இடத்தில் 1.6தான் வருகிறது. பிஎல்சியில் ஸ்கேலை மாற்றி அதைச் சமாளித்தார். அப்புறம் பார்த்தால் காலையில் சரியாக இருப்பது மதியம் கால் கிலோ கூடுகிறது. கேஜில் 6, பிஎல்சியில் 6.25. "டிரான்சிஸ்டர் டூப்ளிகேட்டா, இல்லை நான் போட்ட ரெசிஸ்டர் தப்பா?" என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை. உங்கள் டிரான்சிஸ்டர் நல்ல டிரான்சிஸ்டர்தான், அதன் குணப்படி நடந்துகொள்கிறது. வோல்டேஜைக் கரண்டாக மாற்றும் வேலையை யார் செய்ய வேண்டும், டிரான்சிஸ்டரா ரெசிஸ்டரா என்பதுதான் உண்மையான கேள்வி. கோவையைச் சுற்றியுள்ள ஸ்பின்னிங் மில்களில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இன்ஸ்ட்ருமென்ட் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதில்: மாற்றும் வேலையை ரெசிஸ்டரிடம் கொடுங்கள். டிரான்சிஸ்டர் வெறும் வால்வு மாதிரி திறந்து மூடட்டும்.

முதலில் கரண்டாக மாற்றியதும் ஆட்டம் ஏன் நின்றது என்று பார்த்துவிடலாம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு இது உடனே புரியும். சாதாரண டிரிப்பர் போட்டால் மோட்டாருக்குப் பக்கத்து மரத்துக்குத் தண்ணீர் அதிகம், கடைசி மரத்துக்குக் குறைவு. அழுத்தம் சமன்செய்யும் டிரிப்பர் போட்டால் மணிக்கு 4 லிட்டர் என்றால் முதல் மரத்துக்கும் 4, கடைசி மரத்துக்கும் 4. உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் சவ்வு, அழுத்தம் கூடினால் வழியைக் குறுக்கி, குறைந்தால் விரித்துக் கொடுக்கிறது. டிரான்சிஸ்டரின் கலெக்டர் செய்வது இதே வேலைதான். கேபிளில் எவ்வளவு வோல்ட் விழுந்தாலும், ஃபேன் மோட்டார் வழியில் எவ்வளவு இரைச்சலைத் தூவினாலும், அந்த ஏற்ற இறக்கத்தைக் கலெக்டர் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ஓடும் கரண்ட் மாறுவதில்லை. வோல்டேஜாக அனுப்பியபோது இரண்டு பேனல்களின் எர்த்துக்கு இடையே இருந்த வித்தியாசமும் சிக்னலோடு சேர்ந்து பிஎல்சிக்குப் போயிருக்கும். உங்கள் வயரிங்கை நேரில் பார்க்காததால் இந்தக் கடைசி வரியை மட்டும் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மற்றது உறுதி.

சரி, இப்போது பிழைக்கு வருவோம். டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையிலான வோல்டேஜ்தான் கலெக்டர் கரண்டைத் தீர்மானிக்கிறது. ஆனால் அந்த உறவு நேர்கோடு இல்லை. அறை வெப்பத்தில் சுமார் 18 மில்லிவோல்ட் கூடினால் கரண்ட் இரட்டிப்பாகும், 60 மில்லிவோல்ட் கூடினால் பத்து மடங்காகும். அதோடு வெப்பமும் சேர்ந்துகொள்கிறது: கரண்ட் அதே அளவில் இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு டிகிரிக்கும் இந்த வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறைய வேண்டும். இவ்வளவு சிலிர்க்கும் பொருளை நேரடியாக மாற்றியாக வைக்க முடியாது என்பதால்தான் எமிட்டரில் ரெசிஸ்டர் போடுகிறோம். அப்போது கரண்ட் என்பது, பேஸ் வோல்டேஜில், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே நிற்கும் சுமார் 0.65 வோல்ட்டைக் கழித்து, மீதியை ரெசிஸ்டரால் வகுத்தால் வருவது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சென்சார் 1 வோல்ட் கொடுக்கும்போது 0.65 போக மிச்சம் 0.35. அதை 220 ஓமால் வகுத்தால் 1.6 மில்லி ஆம்பியர். நீங்கள் பார்த்த எண் அப்படியே வருகிறது. மேல்முனையில் கரண்ட் கூடுவதால் அந்த 0.65 சற்று ஏறி 0.7 ஆகும்; 5 வோல்ட்டில் 0.7 போக 4.3, அதாவது 19.5. மேலே 20 வர வேண்டும் என்றுதான் 220 என்று தேர்ந்திருக்கிறீர்கள், கீழே மாட்டிக்கொண்டது. பிஎல்சியில் ஸ்கேல் மாற்றிச் சமாளித்ததில் ஒரு கெடுதலும் இருக்கிறது. 4 மில்லி ஆம்பியரைப் பூஜ்யமாக வைத்ததே வயர் அறுந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. 3.6க்குக் கீழே போனால் கோளாறு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். உங்கள் லூப் (கரண்ட் போய்வரும் சுற்று) நல்ல நிலையில் இருக்கும்போதே அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கிறது.

மதியம் கால் கிலோ கூடுவதற்கு இரண்டு சூடுகள் காரணம். ஒன்று வெளிச்சூடு. பாய்லர் பற்ற வைக்கும் முன் காலையில் பெட்டிக்குள் 25 டிகிரி, மதியம் 60 டிகிரி என்று வைத்தால், 35 டிகிரி வித்தியாசம். டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் என்றால் 70 மில்லிவோல்ட். உங்களுக்கு 4 வோல்ட்தான் 10 கிலோ. ஆக 0.17 கிலோ கூடும். இன்னொன்று டிரான்சிஸ்டர் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்வது, இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 6 கிலோவில் உங்கள் லூப்பில் சுமார் 12.4 மில்லி ஆம்பியர் ஓடும். 24 வோல்ட்டில் பிஎல்சி கார்டின் 250 ஓமும் எமிட்டர் ரெசிஸ்டரும் எடுத்தது போக, டிரான்சிஸ்டர்மேல் 18 வோல்ட் நிற்கிறது. பெருக்கினால் 0.22 வாட். பிசி547 மாதிரிச் சின்ன உருப்படிக்கு ஒரு வாட்டுக்கு 250 டிகிரி ஏறும் என்பது டேட்டாஷீட் கணக்கு. அப்படியானால் 55 டிகிரி ஏற்றம், 110 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட 0.28 கிலோ! இது பவர் கொடுத்த சில நிமிடத்தில் ஏறி நின்றுவிடும். பவர் போட்ட உடனே கேலிப்ரேட் செய்தீர்களா, சூடான பிறகா என்று நீங்கள் எழுதவில்லை. உடனே செய்திருந்தால் இரண்டும் சேர்ந்து கால் கிலோவுக்கு மேலேயே வரலாம். பிறகு செய்திருந்தால் முக்கால் பங்கு வெளிச்சூடுதான் காரணம், மீதி உங்கள் சென்சாரின் சொந்த நகர்வாகவும் இருக்கலாம்.

நம்பிக்கை வர ஒரு சோதனை செய்து பாருங்கள். அழுத்தம் இல்லாத நேரத்தில், பெட்டி ஆறியிருக்கும்போது, லூப்பில் மல்டிமீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துவிட்டு, டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். 1.59 என்று நிற்பது 1.60, 1.61 என்று நகரத் தொடங்கும். நாலைந்து டிகிரி ஏறினாலே 1.63 வந்துவிடும். விரலை எடுத்ததும் மெல்ல இறங்கும். பாய்லர் ரூம் உங்கள் போர்டுக்கு நாள் முழுக்கச் செய்வது இதைத்தான்.

இதற்கு ஒப்-ஆம்ப் (இரண்டு வோல்டேஜை ஒப்பிட்டு வேலை செய்யும் ஐசி) இல்லாமலே ஒரு பாதி வைத்தியம் உண்டு, பழைய போர்டுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். சென்சாரை நேராக பிசி547க்குக் கொடுக்காமல், முன்னால் அதன் எதிர்வகை டிரான்சிஸ்டரான பிசி557 ஒன்றை எமிட்டர் ஃபாலோயராக (பேஸ் வோல்டேஜை எமிட்டர் பின்தொடரும் இணைப்பு) போடுங்கள். அதன் கலெக்டர் 0 வோல்ட்டுக்கு, எமிட்டர் 10 கிலோ ஓம் வழியாக 24 வோல்ட்டுக்கு. சென்சார் வோல்டேஜை அது 0.65 உயர்த்திக் கொடுக்கும், அடுத்த டிரான்சிஸ்டர் 0.65 இறக்கும். ஏற்றமும் இறக்கமும் சரியாகிப் போவதால், எமிட்டரில் 250 ஓம் போட்டால் 1 வோல்ட்டுக்கு 4, 5 வோல்ட்டுக்கு 20 என்று கிட்டத்தட்ட வந்து நிற்கும். இரண்டையும் ஒட்ட வைத்தால் வெளிச்சூடும் இரண்டுக்கும் சமமாக ஏறி அடிபட்டுப் போகும். ஆனால் தன்சூடு அடிபடாது, ஏனென்றால் சூடாவது ஒன்று மட்டும்தான். ஒன்றில் கரண்ட் மாறாமலும் இன்னொன்றில் 4 முதல் 20 வரை மாறிக்கொண்டும் இருப்பதால் அதிலும் ஒரு சதவீதம் போல் பிசகும். தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்க்க இது தாராளம். நீராவி அழுத்தத்துக்கு நான் இதைப் போட மாட்டேன்.

முழு வைத்தியம் ஒப்-ஆம்ப். 250 ஓம் ரெசிஸ்டரின் தலையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்த்து, அது சென்சார் வோல்டேஜுக்குச் சமமாகும்வரை டிரான்சிஸ்டரைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பதுதான் ஒப்-ஆம்ப்பின் வேலை. சென்சார் பிளஸ் இன்புட்டுக்கு, ரெசிஸ்டரின் தலை மைனஸ் இன்புட்டுக்கு, அவுட்புட் டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. இப்போது 0.65 என்ன ஆனாலும் கவலை இல்லை. காலையில் 0.65 தேவைப்பட்டால் அதைக் கொடுக்கும், மதியம் 0.5 போதும் என்றால் அதைக் கொடுக்கும். கரண்டைத் தீர்மானிப்பது சென்சார் வோல்டேஜும் 250 ஓமும் மட்டும்தான். எல்எம்358 போதும், அதன் இன்புட் 0 வோல்ட் வரை இறங்கி வேலை செய்யும், 24 வோல்ட்டில் நேராக ஓடும். ஆஃப்செட் (இரண்டு இன்புட்டையும் ஒப்பிடுவதில் அதன் சொந்தப் பிழை) அதிகபட்சம் 7 மில்லிவோல்ட் என்று வைத்தாலும் 4 வோல்ட்டில் அது 0.2 சதவீதத்துக்குள். ஆனால் எல்எம்358 என்பது 70 டிகிரி வரைக்கான உருப்படி. பாய்லர் ரூமுக்கு அதே கால் அமைப்புள்ள எல்எம்2904 வாங்குங்கள், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதிலும் ஒரு சின்னக் கசிவு இருக்கிறது. ஒப்-ஆம்ப் பார்ப்பது எமிட்டர் கரண்டை, லூப்பில் போவது கலெக்டர் கரண்ட். பேஸ் வழியாக வரும் கரண்டும் 250 ஓமுக்குள் போகிறதே! டிரான்சிஸ்டரின் கெயின், அதாவது பேஸ் கரண்டைப் போல் கலெக்டர் கரண்ட் எத்தனை மடங்கு என்பது, 100 என்றால் லூப்பில் ஒரு சதவீதம் குறையும், 400 என்றால் கால் சதவீதம். பிசி547 வாங்கும்போது கடைசியில் ஏ, பி, சி என்ற எழுத்தைக் கவனித்திருப்பீர்கள். ஏ என்றால் 110லிருந்து 220, சி என்றால் 420லிருந்து 800. கடையில் எழுத்து பார்த்துக் கொடுப்பவர்கள் குறைவு. அதனால் நான் மாஸ்ஃபெட் போடுகிறேன், 2என்7000. அதில் பேஸுக்குப் பதில் இருக்கும் கேட்டில் கரண்டே போகாது, உள்ளே வந்தது அப்படியே வெளியே போகும்.

போர்டு கட்டும்போது நான்கு விஷயங்கள். 250 ஓம் என்று கேட்டால் கடையில் கிடைக்காது, 1 கிலோ ஓம் ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் நான்கை இணையாகச் சாலிடர் செய்தால் 250 வந்துவிடும். சூடும் நான்காகப் பிரியும். பழுப்பு நிறக் கார்பன் ரெசிஸ்டர் வேண்டாம், இப்போது மாற்றும் வேலை முழுவதும் இதன் கையில்தான் இருக்கிறது. அப்புறம், டிரான்சிஸ்டருக்கு மேலே லூப்பில் 330 ஓம் அரை வாட் ஒன்றைத் தொடராகப் போடுங்கள். அது இல்லாவிட்டால் 20 மில்லி ஆம்பியரில் 2என்7000மேல் 0.28 வாட் விழும், 60 டிகிரிப் பெட்டிக்குள் அது தாங்கும் எல்லையை ஒட்டிவிடும். போட்டால் எந்த அழுத்தத்திலும் 0.17 வாட்டைத் தாண்டாது. வோல்ட் பற்றுமா என்ற கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 20 மில்லி ஆம்பியரில் கார்டுக்கு 5, கீழ் ரெசிஸ்டருக்கு 5, 330க்கு 6.6, போகவர 300 மீட்டர் அரை ஸ்கொயர் (0.5 சதுர மில்லிமீட்டர்) வயருக்கு 11 ஓம் போல் வரும், அதாவது 0.2. கூட்டினால் 16.8. சப்ளை 21க்கு இறங்கினாலும் டிரான்சிஸ்டருக்கு 4 வோல்ட் மிஞ்சும். மூன்றாவது, ஒப்-ஆம்ப் அவுட்புட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் 1 கிலோ ஓம், மைனஸ் இன்புட்டுக்குப் போகும் வழியில் 10 கிலோ ஓம், அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு 1 நானோ ஃபாரட் கெபாசிட்டர். இவை இல்லாமலும் ஓடும். சில போர்டில் ஓடும், சில போர்டில் ஊசலாடும், மல்டிமீட்டரில் அது தெரியவே தெரியாது. கடைசியாக, கேபிள் முனையில் திடீர் வோல்டேஜ் எழுச்சியை அடக்கும் 33 வோல்ட் டிவிஎஸ் டயோடு. ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கும்போது 150 மீட்டர் வயர் என்ன கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. முறுக்கிய ஜோடி வயர், ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள்.

இன்னொன்றும் கேட்டிருந்தீர்கள்: மறுமுனையில் கரண்டைத் திரும்ப வோல்டேஜாக்கவும் டிரான்சிஸ்டர் வேண்டுமா என்று. வேண்டாம், உங்கள் கார்டுக்குள் இருக்கும் 250 ஓமே அந்த மாற்றி. 20 மில்லி ஆம்பியர் நுழைந்தால் 5 வோல்ட் தெரியும். மில்லி ஆம்பியரில் விஷயம் நடக்கும்வரை ஒரு ரெசிஸ்டர் போதும். மைக்ரோ ஆம்பியருக்கு இறங்கும்போதுதான் சிக்கல். மில்லில் நூல் அறுந்ததைப் பார்க்கும் ஃபோட்டோ சென்சாரில் 10 மைக்ரோ ஆம்பியர் வந்தால், 1 வோல்ட் பார்க்க 100 கிலோ ஓம் வேண்டும். அவ்வளவு பெரிய ரெசிஸ்டரும் கேபிளின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்தால் சிக்னல் சோம்பிப் போகும். அங்கே காமன் பேஸ் முறையில் (எமிட்டரில் வாங்கி கலெக்டரில் கொடுக்கும் முறை) இணைத்த டிரான்சிஸ்டரோ ஒப்-ஆம்ப்போ நடுவில் நின்று, கேபிள் பக்கம் தாழ்ந்த ரெசிஸ்டன்ஸைக் காட்டி, மறுபக்கம் வோல்டேஜை எடுத்துக்கொடுக்கும். டிரான்சிஸ்டர் என்ற பெயரே இந்த வேலையிலிருந்து வந்ததுதான். 1948இல் பெல் ஆய்வகத்தில் ஜான் பியர்ஸ் அந்தப் பெயரைச் சொன்னார். அந்தக் கால ரேடியோ வால்வுக்கு (வெற்றிடக் குழாய்) வோல்டேஜ் கொடுத்தால் கரண்ட் வரும், அந்தக் குணத்துக்கு டிரான்ஸ்கண்டக்டன்ஸ் என்று பெயர். புதுப் பொருள் அதற்கு மறுதலை என்று பார்த்து, டிரான்ஸ்ரெசிஸ்டன்ஸ் என்ற சொல்லிலிருந்து இதை எடுத்தார்.

கரண்ட் மிரர் போட்டால் என்ன என்று கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். அழகான சர்க்யூட் அது. ஒரு டிரான்சிஸ்டர் கரண்டைப் பேஸ் வோல்டேஜாக்குகிறது, பக்கத்து டிரான்சிஸ்டர் அதே வோல்டேஜைத் திரும்பக் கரண்டாக்குகிறது. இரண்டின் வளைவும் ஒன்றை ஒன்று நேர் செய்துவிடும். ஆனால் இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒரே சில்லில் உள்ள ஐசிக்குள் அது நடக்கும். தனித்தனி டிரான்சிஸ்டரில் ஒரு டிகிரி வித்தியாசத்துக்கே கரண்ட் சுமார் 8 சதவீதம் மாறும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மில்லின் ஹ்யூமிடிட்டி பேனலுக்கு அப்படி ஒன்றைக் கட்டி, ஒரு டிரான்சிஸ்டரை டிரான்ஸ்ஃபார்மர் பக்கமாக வைத்துவிட்டேன். ரீடிங் ஏறிக்கொண்டே போனது. சென்சாரை இரண்டு முறை மாற்றினோம், மூன்று நாள் போனது. கடைசியில் பக்கத்திலிருந்த எலக்ட்ரீஷியன் பேனல் கதவைத் திறந்து வைத்ததும் ரீடிங் இறங்கியது, அப்போதுதான் புரிந்தது. மிரர் போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டு எமிட்டரிலும் 1 வோல்ட் விழும்படி ரெசிஸ்டர் போடுங்கள். அப்போது அந்த 8 சதவீதம் 0.2 ஆகிவிடும். இங்கேயும் வேலையை ரெசிஸ்டரிடம்தான் கொடுக்கிறோம், பாருங்கள்.

நான் சொன்ன சர்க்யூட் கரண்டை உள்ளே இழுக்கும் வகை. 24 வோல்ட் பிளஸ் முதலில் கார்டுக்குள் போய், அங்கிருந்து வயர் வழியாக உங்கள் போர்டுக்கு வர வேண்டும். உங்கள் பழைய சர்க்யூட்டும் அதே வகைதான், அது ஓடியதால் உங்கள் கார்டுக்குப் பிரச்சினை இல்லை. இதைப் படித்து வேறு யாராவது கட்டினால், கார்டின் மைனஸ் முனை உள்ளேயே 0 வோல்ட்டோடு இணைந்திருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். இணைந்திருந்தால் கரண்டை வெளியே தள்ளும் வகை வேண்டும். அதற்கு மேலே இன்னொரு ஒப்-ஆம்ப்பும் பி-சேனல் மாஸ்ஃபெட்டும் சேர்க்க வேண்டும். அந்த அளவுக்குப் போவதற்கு எக்ஸ்டிஆர்110 மாதிரி இதற்கென்றே வந்த ஐசியை வாங்கிவிடுவது மேல். புதிதாகவே சென்சார் வாங்குகிறீர்கள் என்றால் இரண்டு வயர் 4–20 டிரான்ஸ்மிட்டராகவே வாங்குங்கள், இந்த வேலையே வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கையால் கட்டிய இந்த போர்டு ரீடிங் பார்க்கவும் மெஷினை ஓட்டவும் மட்டும். அழுத்தம் மிஞ்சினால் பாய்லரை நிறுத்துவது தனி பிரஷர் சுவிட்சும் சேஃப்டி வால்வுமாகவே இருக்கட்டும். அந்த வயர்களை இந்த லூப்போடு சேர்க்காதீர்கள்.

கட்டி முடித்ததும் பெட்டியில் வைக்கும் முன் 1, 3, 5 வோல்ட் கொடுத்துப் பாருங்கள், 4, 12, 20 வர வேண்டும். பிறகு 3 வோல்ட்டில் நிறுத்திவிட்டு, ஹேர் டிரையரால் போர்டு முழுவதையும் ஐந்து நிமிடம் சூடாக்குங்கள். 12.00 என்பது 12.05ஐத் தாண்டினால் ரெசிஸ்டர் கார்பன் ஃபிலிமா என்று பாருங்கள். பிஎல்சியில் ஸ்கேலை மறக்காமல் பழையபடி 4–20க்கு மாற்றிவிடுங்கள். அதன்பிறகும் மதியம் கூடுகிறது என்றால் காலை, மதியம் இரண்டு வேளையும் சென்சார் முனையில் வரும் வோல்டேஜையும் லூப் கரண்டையும் அளந்து இங்கே போடுங்கள். அந்த நான்கு எண்களைப் பார்த்தால் நகர்வது சென்சாரா போர்டா என்று சொல்லிவிடலாம்.